நல்ல சர்க்கரை போட்டு வளர்த்தது

1

பேசாதே. இப்போது மட்டும் வாயைத் திறக்காதே. கேட்கத்தான் வந்திருக்கிறாய். கேள்வியை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு கதவோரம் நிற்கிறாய், திரும்பிப் பார்க்காமலே தெரிகிறது. இந்தக் குழாயின் வாயை நெருப்பில் காட்டிப் பஞ்சால் அடைக்கும்வரை பொறு. அதற்கப்புறம் கேள். நான் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியும்.

இப்படி நினைத்தபடி என் அண்ணி சமையலறை அடுப்பின் முன் நின்றாள் என்று இந்தக் கதையைத் தொடங்கியிருக்கிறேன். அவள் அப்படித்தான் நினைத்தாள் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. கதவோரம் நின்றது நான். அது நிஜம். மின்விசிறி அணைத்திருந்தது, ஜன்னல் சாத்தியிருந்தது. ஒரு கையில் பழைய கண்ணாடிக் குழாய், இன்னொரு கையில் புதியது, விரலிடுக்கில் மெல்லிய கம்பி. கம்பியைத் தீயில் சிவக்க வைத்து, ஆறவிட்டு, பழைய குழாயில் வளர்ந்திருக்கும் வெள்ளைப் படிவத்தைத் தொட்டு, புதிய குழாயில் உறைந்திருக்கும் உணவின் மேல் ஒரு கோடு இழுப்பாள். வெள்ளைப் படிவம் ஈஸ்ட். பேசினால் நம் வாயிலிருக்கும் கிருமி காற்றோடு போய் உள்ளே உட்கார்ந்துகொள்ளும். அதனால் அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் பேசக் கூடாது. யாரும் என்றால் நான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

இந்தக் கதையின் முடிவு எனக்கு முதலிலேயே கிடைத்துவிட்டது. போனில் வந்தது. வழக்கமாக எனக்கு நேர்வது இதற்குத் தலைகீழ். தொடக்கம் கையில் இருக்கும், முடிவைத் தேடி வீட்டுக்குள் நடையாய் நடப்பேன். இந்த முறை முடிவை வைத்துக்கொண்டு, அதை எழுத வழியில்லாமல், மற்ற எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏன் வழியில்லை என்பதுதான் கதை.

2

கைவிட்ட தொடக்கங்களையும் இங்கே போட்டுவைக்கிறேன். எதையும் தூக்கிப் போட எனக்கு மனம் வராது. குடும்ப வியாதி.

"வைக்கோலிலிருந்து பெட்ரோல் எடுக்கப் போவதாக என் அண்ணன் சொன்னபோது வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்."

யாரும் சிரிக்கவில்லை. அப்பா, "அப்ப மாடு என்ன பண்ணும்?" என்று அக்கறையாகக் கேட்டார். தவிர, அண்ணியிடம் இந்த வரியைப் படித்துக் காட்டியபோது அவள் காய் நறுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள்: "பெட்ரோல்னு எழுதினா உங்க அண்ணன் எழுந்து வந்துடுவாரு. அது எத்தனால். பெட்ரோல்ல கலக்கிறது."

"எத்தனால்னா யாருக்குப் புரியும், அண்ணி?"

"சாராயம்னு எழுது. எல்லாருக்கும் புரியும்."

அடுத்தது: "அந்தக் குடியிருப்பில் நாய்கள்கூட அந்தச் சத்தத்துக்குப் பழகியிருந்தன."

இதைக் கைவிட எனக்கு இன்னும் மனமில்லை. ஆலையின் பின்சுவரை ஒட்டி ஊழியர் குடியிருப்பு. அண்ணன் வீட்டில் தங்கித்தான் நான் கல்லூரிக்குப் போய்வந்தேன். வைக்கோலை ஒரு பெரிய இரும்புப் பாத்திரத்தில் அடைத்து, ஆவியை ஏற்றி, அழுத்தம் தாங்காத கட்டத்தில் சட்டென்று திறந்துவிடுவார்கள். டம்! அலமாரிப் பாத்திரங்கள் ஒருமுறை முனகி அடங்கும். வைக்கோல் நார் நாராகக் கிழிந்து, காப்பித் தூளை வடிகட்டி எடுத்த சக்கை போல வந்து விழும். அதன் பிறகு ஒரு வாசனை சுவர் தாண்டி வரும். கருகிய சர்க்கரையும் மழையில் நனைந்த மரமும் சேர்ந்த மாதிரி. கொடியில் காயும் துணியெல்லாம் அந்த வாசனையோடுதான் மடிக்கப்படும். கல்லூரியில் பக்கத்து இருக்கைக்காரி, "உங்க வீட்ல தினமும் கேக் பண்ணுவீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த இரும்புப் பாத்திரத்துக்கு ஆலையில் 'பெரியம்மா' என்று பெயர். எவ்வளவு போட்டாலும் தின்னும், ஆனால் திடீரென்று கோபித்துக்கொள்ளும். "பெரியம்மா இன்னைக்கு எப்படி?" என்று ஷிப்ட் மாறும்போது ஒருவரை ஒருவர் கேட்பார்கள். "முகம் குடுத்தே பேசல" என்று பதில் வரும்.

(மூன்றாவது தொடக்கம் இந்த மேசையைப் பற்றியது. அது பின்னால் வரும். பிழைத்தால்.)

3

அண்ணன் ரசாயனம் படித்தவன், அண்ணி நுண்ணுயிரியல். இருவரும் பழகியதே அந்த ஆலையில்தான். அண்ணியின் அப்பா, "பையன் சாராயம் காய்ச்சுறானாமே?" என்று கேட்டதற்கு, "அவர் வேகவைக்கிறதோட சரிப்பா, காய்ச்சுறது நான்" என்றாளாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. வாசகர் பொறுக்க வேண்டும். வைக்கோலுக்குள் இரண்டு விதமான சர்க்கரை ஒளிந்திருக்கிறது. ஒன்று நல்ல சர்க்கரை. எந்த ஈஸ்ட்டுக்குப் போட்டாலும் நுரைக்க நுரைக்கத் தின்று சாராயமாக்கும். இன்னொன்று மரச்சர்க்கரை. அதைச் சாதாரண ஈஸ்ட் முகர்ந்துகூடப் பார்க்காது. அப்படியே விட்டால் வைக்கோலில் கணிசமான பங்கு வீண்.

வீண் என்ற சொல் அண்ணனுக்கு ஆகாது. "நம்ம ஆலையில குப்பைன்னு ஒண்ணு கிடையாது" என்பான், குப்பைத்தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டு. கரையாமல் மிஞ்சும் கறுப்பு மாவில் பாதி பாய்லரில் எரியும், பாதி மரப்பலகை ஒட்டும் பசையாகப் போகும். சாம்பல் வயலுக்குத் திரும்பும். கழிவுத் தண்ணீர் தெளிந்து மறுபடி பெரியம்மாவிடம் வரும். எல்லாம் சுற்றி வர வேண்டும் அவனுக்கு. வீட்டிலும் அப்படித்தான். உடைந்த குடையின் கம்பியைக்கூட எடுத்துவைப்பான். அவன் வெளியூர் போகும் நாளில் அண்ணி அள்ளிப் போடுவாள். திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கம்பியைத்தான் தேடுவான்.

ஆலைக்குப் பின்னால் விழுந்து கிடந்த ஒரு மரத்தின் அழுகிய பட்டையிலிருந்து இருவரும் ஒரு ஈஸ்ட்டைப் பிடித்து வந்தார்கள். அது மரச்சர்க்கரையைத் தின்னும். ஆனால் மெதுவாக, ஏனோதானோ என்று. வைக்கோல் சாற்றில் இருக்கும் காரத்துக்கும் புளிப்புக்கும் சுருண்டுவிடும். அண்ணன் அதைப் பழக்கினான். நல்ல சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மரச்சர்க்கரையை ஏற்றி, தாக்குப்பிடித்ததை மட்டும் எடுத்து மறுபடி வளர்த்து. மாதக்கணக்கில் அதே வேலை. இரவுச் சாப்பாட்டின்போது பேச்சும் அதுவே.

"பாவம்ங்க. கொஞ்சம் நல்ல சர்க்கரை போட்டாத்தான் என்ன? இப்படியா காயப்போடுவாங்க?"

"செல்லம் குடுத்தா கத்துக்கிட்டதை மறந்துடும்."

"அது என்ன உங்க தங்கச்சியா, மறக்கிறதுக்கு?"

நான் பக்கத்து அறையில் மறுதேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். "காதுல விழுது!" என்று கத்தினேன். "விழணும்னுதானே சொல்றது" என்று அண்ணி கத்தினாள். அண்ணன் சிரித்த சிரிப்பு

(சிரிப்பை எழுத வரவில்லை. வாய் திறந்து, சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்கும் சிரிப்பு. இது விவரம். சிரிப்பு இதுவல்ல.)

4

மரச்சர்க்கரையிலிருந்து முதல் முதலாக வந்த எத்தனாலை அண்ணன் தன் பழைய மொபெட்டில், பெட்ரோலோடு கலந்து ஊற்றினான். குடியிருப்பே வாசலில் நின்றது. "நீயும் ஏறு, நீதானே காய்ச்சினே" என்றான். அண்ணி ஏறினாள். வண்டி கிளம்பி, திரும்பி, ஆலைக் கதவுவரை கம்பீரமாகப் போய், அங்கே நின்றுவிட்டது. அண்ணன் உதைத்தான். கெஞ்சினான். பிறகு இறங்கித் தள்ளினான்.

அண்ணி இறங்கவே இல்லை. பின்னிருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு, ஊர்வலம் வருகிறவள் போல உட்கார்ந்து வந்தாள். காவலாளி, "அம்மாவை இறக்கி விட்டுட்டுத் தள்ளுங்க சார், லேசா இருக்கும்" என்றான்.

"எரிபொருள் ஓடுதோ இல்லையோ, இவர் ஓடுவாரு" என்றாள் அண்ணி.

இந்தக் காட்சியை நான் எழுதி முடித்தபோது, கதை இங்கேயே முடிந்தால் என்ன என்று தோன்றியது. கேள்வியும் இல்லை, போனும் இல்லை. வெயில், வைக்கோல் தூசி, தள்ளப்படும் வண்டி. பத்திரிகைக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "இதில் என்ன நடக்கிறது?" என்று கேட்பார்கள். ஒன்றும் நடக்கவில்லை. சந்தோஷமாக இருந்தோம்.

5

அண்ணன் போன அன்று காலை, அண்ணி வழக்கம்போல

(இந்த வாக்கியத்தை எத்தனையோ முறை இதுவரை கொண்டுவந்துவிட்டேன். இதற்கு மேல் வருவதில்லை. மாரடைப்பு. ஆலையில். அவ்வளவு போதும்.)

காரியமெல்லாம் முடிந்ததும் அண்ணி வேலைக்குத் திரும்பினாள். "அந்த ஈஸ்ட்டுக்கு யாரு சோறு போடுவா?" என்றாள். அடுத்த வருடம் பெட்ரோல் விலை சரிந்தது. ஆலையை நடத்தியவர்கள் கணக்குப் பார்த்து மூடினார்கள். கடைசி நாளில் மேலாளர் கண் கலங்கி, "ஞாபகமா ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போங்க" என்றார். ஒருவர் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார், இன்னொருவர் சுழல் நாற்காலியை உருட்டிக்கொண்டு போனார். காவலாளி தன் விசிலை எடுத்துக்கொண்டான், அது அவனுடையதுதான் என்றாலும். அண்ணி இரண்டு குழாய்களைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்தாள். பிறகு ஆலைக்கு மின்சாரத்தைத் துண்டித்தார்கள். உறைபெட்டிகளில் இருந்தவை அழுகின. அண்ணன் பழக்கிய ஈஸ்ட் அதன் பிறகு உலகத்திலேயே எங்கள் ஃப்ரிட்ஜில், எலுமிச்சம்பழங்களுக்குப் பின்னால் மட்டும் இருந்தது.

ப்ரஷர் குக்கரில் அவள் புதிய குழாய்களை, கிருமி சாக, வேகவைப்பாள். பழையதிலிருந்து புதியதுக்கு மாற்றுவாள். சில வாரம் கழித்து மறுபடி. நான் கல்யாணமாகிப் போய், என் பெட்டியோடு அண்ணியிடம் திரும்பி வந்த கதை தனி. அதை வேறு இடத்தில் எழுதிவிட்டேன். எழுதியதைப் படித்துவிட்டு அண்ணி சொன்னது: "உன் புருஷனைக்கூட வீணாக்கலையே நீ."

6

அந்த ஈஸ்ட்டைக் கேட்டு வந்தவளை முதல் வரைவில் ஆணாக எழுதியிருந்தேன். வழுக்கை, விரலில் மோதிரம், உதட்டோடு நிற்கும் புன்னகை. அப்படி ஒருவன் வந்து கேட்டால் மறுப்பது சுலபம். கதாநாயகி நிமிர்ந்து நிற்பாள், வாசகர் கைதட்டுவார்.

உண்மையில் வந்தவள் கக்கத்தில் ஹெல்மெட்டோடு வந்த ஒரு இளம் எஞ்சினியர். ஹெல்மெட்டில் அமுங்கிய தலைமுடி. சேறு படிந்த காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு, காலுறையில் ஓட்டை இருந்ததால் ஒரு காலை இன்னொரு காலால் மறைத்துக்கொண்டு நின்றாள். அவள் போனதிலிருந்து எங்களுக்குள் அவள் பெயர் 'ஹெல்மெட்'. பழைய ஆலை இருந்த இடத்தில் புதிய ஆலை வருகிறது. இவள்தான் அதை நிறுவுகிறாள்.

"அறுவடை முடிஞ்சா வைக்கோலையெல்லாம் வயல்லயே கொளுத்திடறாங்க, மேடம். மத்தியானமே லைட் போட்டுத்தான் வண்டி ஓட்டறோம். அதை நாங்க வாங்கிக்கறோம்னு சொல்லிட்டோம். ஆனா எந்த ஈஸ்ட்டைப் போட்டாலும் மரச்சர்க்கரை அப்படியே நிக்குது. சார் எழுதின கட்டுரையைப் படிச்சேன். அந்த ஈஸ்ட் செத்துப்போச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. பழைய காவலாளிதான் சொன்னாரு, உங்ககிட்ட இருக்கும்னு."

"விசிலை வச்சிருக்கானா இன்னும்?" என்று அண்ணி கேட்டாள்.

"எங்க கேட்லயே வேலைக்குச் சேர்ந்துட்டாரு, மேடம். அதேதான் ஊதறாரு."

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. ஒரு கதையாசிரியருக்கு இது சங்கடம். (இதுதான் மூன்றாவது தொடக்கத்தின் இடம். அவள் டம்ளரை வைத்த சாப்பாட்டு மேசை, நான் இப்போது எழுதும் இதே மேசை, அந்த ஆலைப் பசையால் ஒட்டிய பலகையில் அண்ணன் செய்தது. ஒரு கால் குட்டை. அதைச் சொன்னதும் அவள் குனிந்து பலகையின் விளிம்பை முகர்ந்து பார்த்தாள். யாரும் முகர்ந்து பார்த்ததில்லை அதுவரை.)

தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள். பழுப்பாக, நீர்த்த காப்பி போல. நல்ல சர்க்கரையை நீக்கிய வைக்கோல் சாறு. மரச்சர்க்கரை மட்டும் மிச்சம். "இதுல ஒரு துளி உங்க ஈஸ்ட்டை விட்டுப் பாருங்க, மேடம். நுரைச்சா அதுக்கு இன்னும் ஞாபகம் இருக்குன்னு அர்த்தம்."

அப்புறம் எழுந்துபோகும் நேரத்தில், தொழில் தெரிந்தவளின் இயல்பான அக்கறையோடு கேட்டாள்: "இத்தனை வருஷமா அதுக்கு என்ன குடுத்து வளர்க்கறீங்க, மேடம்? மரச்சர்க்கரையா?"

அண்ணி காலி டம்ளரை எடுத்தாள்.

"இல்லம்மா. வீட்டுச் சர்க்கரை."

ஹெல்மெட் தன் ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டாள். அண்ணி தன் கையைப் பார்த்துக்கொண்டாள். நான் எதைப் பார்த்தேன் என்று ஞாபகமில்லை.

7

பாட்டில் அதே இடத்தில் இருந்தது. துடைக்கும்போது அண்ணி அதைத் தூக்கி, துடைத்து, மறுபடி வைப்பாள்.

நல்ல சர்க்கரை போட்டது அவள் தெரியாமல் செய்ததல்ல. அவள் படித்த படிப்பே அது. செல்லம் கொடுத்தால் மறந்துவிடும் என்று அவள் சாப்பாட்டு மேசையிலேயே கேட்டிருக்கிறாள். ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"மரச்சர்க்கரை வாங்கக் கிடைக்காதா, அண்ணி?"

"கிடைக்கும்."

"பின்ன ஏன்?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து, மறுபடி மடித்தாள். "முதல்ல அதைத்தான் போட்டேன். அவர் போனப்புறம் அதைப் பட்டினி போட எனக்குக் கை வரல. அதுவாவது வயிறார சாப்பிடட்டும்னு விட்டுட்டேன்."

இந்த வாக்கியத்தை நான் உடனே மனதில் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொள்வதை அவள் பார்த்துவிட்டாள். என் முகம் அதற்கென்று ஒரு மாதிரி ஆகுமாம்.

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ" என்றாள். "உங்க அண்ணனுக்கும் எதுவும் வீணாகக் கூடாது, உனக்கும் கூடாது. ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்கதானே. வைக்கோல் கிடைச்சா அவர் எரிபொருளாக்கிடுவாரு, மனுஷங்க கிடைச்சா நீ கதையாக்கிடுவே. எனக்கு ஒண்ணாவது எதுக்கும் ஆகாம, சும்மா இருக்கட்டும்மா."

பதில் சொன்னால் அதையும் எழுதவேண்டியிருக்கும்.

ஹெல்மெட் மறுபடி வந்தபோது அண்ணி அவளைக் காக்க வைக்கவில்லை. ஒரு குழாயையும், திறக்காத அந்தப் பாட்டிலையும் சேர்த்துக் கையில் கொடுத்தாள். வழியில் உடையாமல் இருக்க, குழாயைக் கைக்குட்டையில் சுற்றியிருந்தாள்.

"நீங்களே பாத்துக்குங்க. உபயோகப்பட்டா வச்சுக்குங்க. ஆனா ஒண்ணு. நுரைச்சுதா இல்லையான்னு எங்கிட்ட சொல்ல வேணாம்."

"மேடம், நுரைச்சா நீங்க வந்து பார்க்கணும். சார் பேரைப் போட்டு..."

"சொல்ல வேணாம்மா."

நல்ல பெண். சொல்லவில்லை. எனக்குத்தான் போன் செய்தாள்.

8

ஆக, முடிவு என்னிடம் இருக்கிறது. எழுதிப் பார்த்தேன், இரண்டு விதமாகவும். ஒன்று நடந்தது, இன்னொன்று நடக்காதது. எது எது என்று சொல்லமாட்டேன்.

நுரைத்த முடிவில், அந்த ஈஸ்ட் எதையும் மறக்கவில்லை. பெரியம்மா இருந்த இடத்தில் நிற்கும் புதிய தொட்டியில் அது பொங்குகிறது. காவலாளி விசில் ஊதுகிறான். மத்தியான வானம் வெளுக்கிறது. அண்ணி அதைப் பார்த்து அழுகிறாள் என்று எழுதினேன், அடித்தேன். சிரிக்கிறாள் என்று எழுதினேன், அதையும் அடித்தேன். பிறகு வீட்டுக்கு வருகிறாள். ஃப்ரிட்ஜைத் திறக்கிறாள். எலுமிச்சம்பழத்துக்குப் பின்னால் இருக்கும் குழாயை இனி எதற்கு மாற்ற வேண்டும்? ஆலையில்தான் தொட்டி தொட்டியாக இருக்கிறதே.

நுரைக்காத முடிவில், பழுப்புச் சாறு பழுப்பாகவே கிடக்கிறது. ஹெல்மெட் வேறு ஏதோ ஈஸ்ட்டைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். அவள் கெட்டிக்காரி. இங்கே அண்ணி ஃப்ரிட்ஜைத் திறக்கிறாள். குழாயில் இருப்பது எந்தக் கடையிலும் கிடைக்கும் ஈஸ்ட் போன்ற ஒன்று. அவன் பழக்கியதைத் தன் கையாலேயே

(இந்த வாக்கியமும் வேண்டாம்.)

இரண்டு முடிவிலும் கடைசியில் ஒரே காட்சிதான் வருகிறது என்பதை எழுதி முடித்தபின்தான் கவனித்தேன். இரண்டிலும் அவள் அடுப்பின் முன் நிற்பதில்லை. விசிறி ஓடிக்கொண்டே இருக்கிறது. வீட்டில் எந்நேரமும் பேசலாம்.

இன்னொரு சிக்கல். நான் எழுதுவதையெல்லாம் அண்ணி படிப்பாள். குற்றம் கண்டுபிடிக்கவென்றே, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குவாள். ஆகவே இங்கே எழுதினால் அவளிடம் சொன்ன மாதிரிதான். நீங்கள் ஊகிக்கலாம், தடையில்லை. எங்கேயாவது அவளைப் பார்க்க நேர்ந்தால் உங்கள் ஊகத்தை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

போன் வந்த நாளிலிருந்து நான் அவள் கண்ணில் படாமல் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு அலைந்தேன். "தலைகீழா பிடிச்சிருக்கே" என்றாள் ஒருமுறை. அது பொய். நேராகத்தான் பிடித்திருந்தேன். ஆனாலும் திருப்பிப் பார்த்தேன்.

தெரிந்ததைச் சொல்லாமல் ஒரே வீட்டில் இருப்பது சுலபமில்லை. சொல்வது அவளுக்கு நல்லது என்று நினைத்தேன். பிறகு, அண்ணனுக்கு நியாயம் என்று நினைத்தேன். கதைக்கு நல்லது என்பதை மட்டும் நினைக்காத மாதிரி நடந்துகொண்டேன். அப்படித்தான் அன்று கதவோரம் போய் நின்றேன்.

9

விசிறி அணைத்திருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. கம்பி சிவந்து, ஆறியது. அண்ணி கோடு இழுத்தாள். எப்போதும் ஒரே வீச்சில், நெற்றியில் பொட்டு வைக்கும்போது கை எப்படி இருக்குமோ அப்படி. குழாயின் வாயைத் தீயில் ஒரு சுற்று காட்டினாள். பஞ்சை அடைத்தாள். அடுப்பை அணைத்தாள். விசிறியைப் போட்டாள். எனக்கு மூச்சு வந்தது.

"ம்" என்றாள், திரும்பாமலே. "கேளு."

"அந்தப் பொண்ணு போன் பண்ணினா, அண்ணி."

"தெரியும். உன் முகத்துல ஓடுது."

"சொல்லட்டுமா?"

அவள் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். எலுமிச்சம்பழங்களை ஒதுக்கி, புதிய குழாயைப் பழையதின் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். பழங்களை மறுபடி முன்னால் நகர்த்தினாள். கதவைச் சாத்திவிட்டு, அது சரியாக மூடியதா என்று கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.

"வேணாம்மா" என்றாள்.

பிறகு கையைக் கழுவித் துடைத்துக்கொண்டே, "சர்க்கரை தீர்ந்துபோச்சு. வெளிய போனா வாங்கிட்டு வா" என்றாள். "நல்லதா பார்த்து."